சம்ப்பில் ஒரு பாசிப் பாத்தி: பவளத் தொட்டியின் நைட்ரேட், பாஸ்பேட்டை கடற்பாசியால் இறக்கும் முறை

பவளத் தொட்டியில் மீனுக்குப் போடும் தீவனம் தானாக எங்கும் போய்விடாது. மீன் தின்று கழித்ததும், தின்னாமல் பாறை இடுக்கில் சிக்கியதும் அமோனியாவாகி, பாக்டீரியா வழியாக நைட்ரேட்டாகிறது. அதிலிருந்த பாஸ்பரஸ் பாஸ்பேட்டாக நீரிலும் பாறையிலும் தங்கிவிடுகிறது. ஆறே மாதத்தில் பலன் தெரியும். முன்பக்கக் கண்ணாடியைத் தினமும் தேய்க்க வேண்டியிருக்கும், பாறைமேல் முடிப்பாசி சடைசடையாக இறங்கும், பவளங்கள் நிறம் மங்கிப் பழுப்பேறும்.

இந்தச் சத்தைத் தின்னப் போவது எப்படியும் ஏதோ ஒரு பாசிதான். அது நாம் தேர்ந்தெடுத்த பாசியாக, நாம் ஒதுக்கிய இடத்தில், நாம் பிடுங்கக் கைக்கு எட்டும்படி இருக்கட்டும் என்பதே இந்த முறை. கொல்லையில் கீரைப் பாத்தி போடுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்: பாசி தொட்டிக்குள் இருக்கும்வரை அது உறிஞ்சிய சத்தும் தொட்டிக்குள்தான் இருக்கிறது. பிடுங்கி வாளியில் போட்டு வெளியே கொண்டுபோகும் நாளில்தான் அது உண்மையில் வெளியேறுகிறது. சம்ப் (தொட்டிக்குக் கீழே வைத்து, அதன் நீரையே சுற்றிவரச் செய்யும் துணைத் தொட்டி) நிறையப் பச்சைப் பசேலென்று பாசி வைத்துக்கொண்டு, அறுக்க மனமில்லாமல், நைட்ரேட் இறங்கவில்லையே என்று வருந்துபவர்கள் நிறைய.

மென்பவளங்களும் பெரிய வாய்ப் பவளங்களும் கலந்த தொட்டிக்கு நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கொள்ளலாம்), பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் நல்ல இலக்கு. பூஜ்யம் இலக்கு அல்ல. ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம். இப்போதே நைட்ரேட் 50-க்கு மேல் இருந்தால் பாசியை நம்பிக் காத்திருக்காதீர்கள். வாரம் ஒருமுறை 20 சதவீதம் என்று மூன்று நான்கு முறை தண்ணீர் மாற்றி, பாதிக்குக் கீழே கொண்டுவந்துவிட்டு ஆரம்பியுங்கள்.

எந்தப் பாசி

முதல்முறை செய்பவர் கீட்டோமார்பாவைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டாம். கடைக்காரர்கள் சுருக்கமாகக் கீட்டோ என்பார்கள். பாத்திரம் தேய்க்கும் பச்சை நைலான் நாரைப் பிரித்துப் போட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். வேரில்லை, இலையில்லை, எதிலும் ஒட்டாது. ஒரு இழையை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் மூங்கில் கணுபோல வரிசையாகச் செல்கள் தெரியும். நல்ல கீட்டோ கையில் சொரசொரவென்று விறைப்பாக இருக்க வேண்டும். பிழிந்துவிட்டால் மறுபடி உப்பி எழ வேண்டும். கொழகொழவென்று கையில் ஒட்டினால், முட்டை நாற்றம் அடித்தால் வாங்காதீர்கள்.

காலர்பா பார்க்க அழகு. திராட்சைக் கொத்துப் போலவும் இறகு போலவும் பல வகை உண்டு. கீட்டோவைவிட வேகமாக வளரும் வகைகளும் உண்டு. ஆனால் கிளை முழுவதும் தடுப்புச்சுவர் இல்லாத ஒரே செல்லாக இருக்கும் பாசி அது. இனப்பெருக்கத்துக்குத் தயாரானால் ஒரே இரவில் உள்ளிருப்பதையெல்லாம் நீரில் கொட்டிவிட்டு, வெறும் கண்ணாடி உறையாக நிற்கும். தண்ணீர் பச்சைப் பால்போலக் கலங்கும், ஆக்சிஜன் சரியும், மாதக்கணக்கில் சேர்த்த சத்து அத்தனையும் ஒரே நாளில் திரும்பி வரும். போதாததற்குப் பாறையில் வேர்போலப் பற்றிக்கொள்ளும். மேல்தொட்டிக்கு ஒரு துண்டு போய்விட்டால் பிடுங்கித் தீராது. பழகியவர்கள் கையில் அது நல்ல பாசிதான், முதல் பாசியாக வேண்டாம்.

கிரேசிலேரியா சிவப்புப் பாசி. ராமேஸ்வரம் பக்கம் கஞ்சிப்பாசி என்று சேகரிக்கிறார்களே, அதே குடும்பம். அகர் எடுப்பது இதுபோன்ற சிவப்புப் பாசிகளிலிருந்துதான். கீட்டோவைவிட மெதுவாக வளரும். ஆனால் பாசி மேயும் டாங் வகை மீன்களுக்கு இது விருந்து. தொட்டியில் டாங் இருந்தால் கீட்டோவோடு ஒரு பிடி கிரேசிலேரியாவும் வைக்கலாம். அறுத்ததை மீனுக்கே கொடுத்தால் சத்து மறுபடி தொட்டிக்குள்தான் போகிறது என்பதால், அதைத் தீவனமாகவே எண்ணுங்கள், வெளியேற்றிய கணக்கில் சேர்க்காதீர்கள்.

புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு வரும் நியாயமான கேள்வி: கடற்கரைச் சாலைக் கருங்கற்களில் பச்சைப் பச்சையாக இவ்வளவு பாசி இருக்கிறதே, அதை ஏன் கொண்டுவரக் கூடாது? அலையடிக்கும் பாறையில் குச்சி குச்சியாக, தூரிகை முடிபோலக் கொத்தாக நிற்பது பெரும்பாலும் கீட்டோமார்பா ஆன்டெனினா. பெயரில் கீட்டோ இருந்தாலும் இது பாறையைப் பற்றிக்கொண்டு, ஓயாத அலையில் வாழ்ந்து பழகியது. சம்ப்பில் போட்டால் சீக்கிரமே வெளுத்து அழுகும். பக்கத்திலேயே மெல்லிய கீரை இலைபோல இருக்கும் உல்வா தொட்டியில் ஓரளவு நிற்கும். ஆனால் கிழிந்து கிழிந்து பம்பில் சிக்கும். நகரத்துச் சாக்கடைநீர் கடலில் சேரும் இடங்களிலிருந்தும், கடலூர் உப்பனாறு போல ஆலைகளை ஒட்டி ஓடும் கழிமுகங்களிலிருந்தும் எதையும் எடுக்காதீர்கள். பாசி கன உலோகங்களை இழுத்து வைத்துக்கொள்ளும் தன்மை உடையது. தாமிரம் மிகச் சிறிய அளவிலேயே இறாலையும் நத்தையையும் கொல்லும். கடலிலிருந்து பவளத்தையோ பவளப்பாறையையோ எடுக்கும் எண்ணமே வேண்டாம். பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன.

ஆகவே, தொட்டியில் வளர்ந்த கீட்டோவையே வாங்குங்கள். இங்கே கிடைக்காவிட்டால் சென்னை கொளத்தூர்க் கடைகளில் கேட்டுப் பாருங்கள். இரவுப் பார்சலில் வருவதென்றால் பை நிறையத் தண்ணீர் வேண்டியதில்லை. பிழிந்த ஈரத்தோடு, காற்றடைத்த பையில், தெர்மோகோல் பெட்டியில் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரு நாள் தாங்கும். வெயிலில் கிடந்த பெட்டி மட்டும் தாங்காது.

சம்ப் அளவு

மூன்றடிக்கு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தொட்டியை எடுத்துக்கொள்வோம். கண்ணாடி அளவில் சுமார் 191 லிட்டர். பாறை, மணல் போக, சம்ப் நீரையும் சேர்த்தால் மொத்தம் 200 லிட்டர் என்று வைத்துக் கணக்குப் போடலாம். இதற்கு 75 செ.மீ. நீளம், 35 அகலம், 40 உயரத்தில் சம்ப் கட்டச் சொல்லுங்கள். முதல் அறை 18 செ.மீ., தண்ணீர் இறங்கும் குழாயும் ஸ்கிம்மரும் (நுரையாக்கிக் கழிவைப் பிரிக்கும் கருவி) அங்கே. இரண்டாவது அறை 35 செ.மீ., பாசிக்கு. அடுத்து 4 செ.மீ. குமிழித் தடுப்பு. மிச்சம் 18 செ.மீ., நீரை மேல்தொட்டிக்குத் திருப்பி ஏற்றும் ரிட்டர்ன் பம்ப்புக்கு. பாசி அறையின் தடுப்புக் கண்ணாடி 25 செ.மீ. உயரம் இருந்தால் அங்கே சுமார் 30 லிட்டர் நிற்கும். தொட்டி நீரில் 15 சதவீதம் இது, போதும். இதற்குமேல் பெரிதாக முடிந்தால் நல்லது. 15 லிட்டருக்குக் கீழே போனால் உழைப்புக்கு ஏற்ற பலன் கிடைக்காது.

சம்ப்பின் மேல் 15 செ.மீ. காலியாக விட்டிருப்பது வீணல்ல. மின்சாரம் போனதும் மேல்தொட்டியின் மேற்பரப்பு நீரும் குழாயில் நிற்கும் நீரும் கீழே இறங்கும். ரிட்டர்ன் குழாயின் வாய் நீருக்குள் ஆழமாக இருந்தால் சைஃபன் ஆகி இன்னும் அதிகம் இறங்கும். அந்தக் குழாயில் நீர்மட்டத்துக்கு ஒரு செ.மீ. கீழே 3 மி.மீ. துளை போடுங்கள். பிறகு நீங்களே பம்பை நிறுத்தி, சம்ப் வழிகிறதா என்று பாருங்கள். கட்டிய அன்றைக்கே பார்த்துவிட வேண்டும். அந்தத் துளையில் பாசி அடைத்துக்கொள்ளும், மாதம் ஒருமுறை பல் குத்தும் குச்சியால் குத்திவிடுங்கள்.

பாசி அறையிலிருந்து நீர் வழியும் இடத்தில் 3 முதல் 5 மி.மீ. கண்ணுள்ள பிளாஸ்டிக் வலை கட்டாயம். ஒரு விரல் நீளக் கீட்டோ இழை பம்ப்புக்குள் சுழலும் இம்பெல்லரில் சுற்றினால் போதும், பம்ப் உறுமிக்கொண்டே சூடாகி நின்றுவிடும். இரும்புக் கம்பி வலை, கொசுவலைக்கான அலுமினிய வலை இரண்டும் உப்புநீரில் கூடாது.

நீரோட்டம் பற்றிப் பலரும் தவறாக நினைக்கிறார்கள். பாசி அறையில் நீர் மெல்ல ஊர்ந்தால் பாசிக்கு உறிஞ்ச நேரம் கிடைக்கும் என்பார்கள். நடப்பது நேர்மாறு. பாசி இழையைச் சுற்றி மெல்லிய நீர்ப்படலம் ஒன்று தேங்கி நிற்கிறது. அதிலிருக்கும் சத்தும் கார்பன் டை ஆக்சைடும் தீர்ந்ததும், படலம் கலையும்வரை இழை பட்டினிதான். தேங்கிய இடத்தில் கசடும் படியும். மணிக்கு 600 முதல் 1000 லிட்டர்வரை மேலேயிருந்து இறங்கும் முழு நீரும் பாசி அறை வழியாகவே போகட்டும். அதோடு, பந்தாகச் சுருண்ட கீட்டோ தானே மெல்லப் புரளும்படி ஒரு சிறு வேவ்மேக்கரை (நீருக்குள் வைத்து அலை எழுப்பும் பம்ப்) ஒரு மூலையில் கீழிருந்து மேல்நோக்கி வையுங்கள், அதன் வாய்க்கு ஸ்பாஞ்ச் உறை போட்டு. கீட்டோ புரண்டால் எல்லாப் பக்கமும் வெளிச்சம் படும். மூன்று நிமிடத்துக்கு ஒரு சுற்று வந்தாலே போதும்.

வெளிச்சம்

விலையுயர்ந்த விளக்கு தேவையில்லை. 6500 கெல்வின் வெள்ளை எல்ஈடி ஃபிளட் லைட், 30 வாட், எலக்ட்ரிக்கல் கடையில் கிடைப்பதே போதும். செடி வளர்ப்புக்கென்று வரும் சிவப்பு நீல எல்ஈடி இன்னும் திறமாக வேலை செய்யும். பச்சைப் பாசியின் பச்சையம் அதிகம் இழுப்பது 430 முதல் 460, 640 முதல் 670 நானோமீட்டர் அலைநீளங்களை என்பதால்தான் அந்த நிறம். நீர்மட்டத்துக்கு மேல் 15 செ.மீ. உயரத்தில் வையுங்கள். நடுவில் 4 மி.மீ. கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைத்தால் உப்புத் தெறிப்பு விளக்கில் படாது. வாரம் ஒருமுறை அந்தக் கண்ணாடியைத் துடையுங்கள். உப்புப் பூத்த கண்ணாடி வெளிச்சத்தைக் கணிசமாகத் தின்றுவிடும். பாசி அறைக்கு வெளியே வெளிச்சம் கசிந்தால் ரிட்டர்ன் அறையிலும் குழாய்க்குள்ளும் பாசி பிடிக்கும். பக்கங்களில் கறுப்பு வினைல் ஒட்டிவிடுங்கள்.

விளக்கு எரிய வேண்டிய நேரம் இரவு. மேல்தொட்டி விளக்கு அணைந்ததும் எல்லா உயிரும் மூச்சுவிடுவதால் கார்பன் டை ஆக்சைடு கூடி, பி.எச். 8.3-இலிருந்து 7.8 பக்கம் இறங்கும். அந்த நேரத்தில் கீழே பாசி அதை உறிஞ்சிக்கொண்டிருந்தால் இறக்கம் குறையும். இரவு 9 மணிக்கு ஆரம்பித்துக் காலை 9 வரை, 12 மணி நேரம். நம் ஊருக்கு இன்னொரு லாபமும் உண்டு: விளக்கின் சூடு பகல் வெப்பத்தோடு சேராது. மின்செலவு மாதம் 11 யூனிட் வரும்.

ஒயர்கள் எல்லாம் சாக்கெட்டுக்குப் போகுமுன் கீழே தொங்கி வளைந்து மேலேற வேண்டும். வழியும் நீர் வளைவில் சொட்டிவிடும். உப்புநீர்த் தொட்டிக்குப் போகும் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் கையை நீரில் விடாதீர்கள். இதை யாரும் தள்ளிப்போடக் கூடாது.

போடுவதும் முதல் மூன்று வாரமும்

30 லிட்டர் அறைக்கு, பிழிந்த எடையில் 200 முதல் 250 கிராம் கீட்டோவோடு தொடங்குங்கள். ஒரு கைப்பிடி போட்டு வளரட்டும் என்று விட்டால், காலியிடத்தில் முடிப்பாசி முந்திக்கொண்டு கீட்டோமேல் படர்ந்துவிடும். இந்தச் சண்டையில் தொடக்க எடைதான் பாதி வெற்றி.

வாங்கி வந்ததைத் தொட்டி நீர் எடுத்த வாளியில் அலசி உதறுங்கள். மூன்று வாளி மாற்றுங்கள். வெள்ளை டப்பில் அலசினால் என்னென்ன விழுகிறது என்று தெரியும். துள்ளும் சிறு இறால் போன்றவை நல்லவை, மீனுக்கு உணவு, விட்டுவிடலாம். பழுப்பு நிறத்தில் சிறு தென்னங்கீற்றைக் கொத்தாக விரித்ததுபோல ஒட்டியிருப்பது ஐப்டேசியா, தொட்டியில் களைபோலப் பரவும் சிறு கடல் அனிமோன். அந்த இழைகளைக் கத்தரித்து எறியுங்கள். சந்தேகம் இருந்தால் தனி வாளியில் ஏர் ஸ்டோனும் விளக்கும் வைத்து இரண்டு வாரம் தனிமைப்படுத்துங்கள். உப்பின் அடர்த்தி இரு நீருக்கும் வித்தியாசமாக இருந்தால் அரைமணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள். நம் இலக்கு ஒப்படர்த்தி 1.025.

முதல் பத்து நாள் வளர்ச்சியே தெரியாது. சில இழைகள் வெளுக்கும், பிடுங்கிவிடுங்கள். விளக்கை மாற்றுவது, இடத்தை மாற்றுவது, மருந்து ஊற்றுவது எதுவும் வேண்டாம். புது இழை பளிச்சென்ற இளம்பச்சையில் வரும். பழைய கரும்பச்சைக்கு நடுவே அது தெரிந்தால் பிடித்துக்கொண்டது என்று பொருள். அதன்பின் ஒன்றிரண்டு வாரத்தில் எடை இரட்டிக்கலாம்.

சோதனையை ஞாயிறு காலை என்று ஒரே நாள், ஒரே நேரத்தில் வையுங்கள். நைட்ரேட்டுக்கு சாலிஃபெர்ட் போன்ற நிறமாற்றக் கிட் போதும். பாஸ்பேட்டை நிறம் பார்த்து 0.03-க்கும் 0.1-க்கும் வித்தியாசம் சொல்வது கடினம். ஹன்னா செக்கர் போன்ற டிஜிட்டல் மீட்டர் வாங்குவது இந்த வேலையில் உருப்படியான செலவு. அதில் பாஸ்பரஸை பிபிபி (பிபிஎம்மில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் காட்டும் மாடலாக இருந்தால், வரும் எண்ணை 3.066-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுக்க வேண்டும். திரையில் 10 என்றால் பாஸ்பேட் 0.03 பிபிஎம்.

அறுவடை

அறை முக்கால்வாசி நிறைந்ததும் அறுக்க வேண்டும். நிறைந்து இறுகிய பந்தின் உள்ளே வெளிச்சமும் போகாது, நீரும் போகாது. வெளியே பச்சையாக இருக்கும்போதே உள்ளே அழுக ஆரம்பித்திருக்கும். முழுப் பந்தையும் ஒரு வாளித் தொட்டி நீரில் எடுத்து, கையால் பிரித்து உதறினால் காப்பித்தூள் போலக் கசடு இறங்கும். அதுவும் வெளியேற வேண்டிய சத்துதான், அந்த வாளி நீரைத் திரும்ப ஊற்றாதீர்கள். அடியில் இருந்த வெளிறிய பகுதியையும் நடுவிலிருந்ததையும் எடுத்துவிட்டு, இளம்பச்சைப் பகுதியைத் திரும்ப வையுங்கள். மூன்றில் ஒரு பங்கு எடுப்பது சரி, பாதிக்குமேல் எடுத்தால் அந்த வாரம் முடிப்பாசிக்குக் கொண்டாட்டம்.

எடுத்ததை ஈரத்துணி பிழிவதுபோலப் பிழிந்து, சமையலறைத் தராசில் எடை போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். இந்த ஒரு பழக்கம் பாசி வேலை செய்கிறதா இல்லையா என்ற குழப்பத்தைத் தீர்த்துவிடும். கணக்கு இப்படி: பிழிந்த 100 கிராமில் உலர் எடை 10 கிராம், அதில் நைட்ரஜன் 3 சதவீதம் என்று வைத்தால் 0.3 கிராம். நைட்ரேட்டாகக் கணக்கிட 4.43-ஆல் பெருக்கினால் 1.3 கிராம். 200 லிட்டரில் அது 6.5 பிபிஎம். தோராயம்தான், ஆனாலும் கை கொடுக்கும். வாரம் 100 கிராம் அறுத்தும் நைட்ரேட் ஏறுகிறது என்றால், வாரத்துக்கு 6 பிபிஎம்முக்கு மேல் தீவனத்தில் உள்ளே வருகிறது என்று அர்த்தம். குறைக்க வேண்டியது தீவனத்தை. உறைந்த தீவனக் கட்டியை அப்படியே போடாமல், டீ வடிகட்டியில் கரையவிட்டு, வடிந்த நீரை ஊற்றிவிட்டுப் போடுவது எளிய தொடக்கம்.

பாஸ்பேட் மட்டும் இறங்கமாட்டேன் என்கிறது, ஏன்? இங்கேதான் பாசியின் பசியைப் புரிந்துகொள்ள வேண்டும். கடற்பாசிகள் சராசரியாக 30 நைட்ரஜன் அணுவுக்கு 1 பாஸ்பரஸ் அணு என்ற விகிதத்தில் உண்கின்றன. பிபிஎம் கணக்கில் சொன்னால், பாஸ்பேட் 1 குறைவதற்குள் நைட்ரேட் 20 பக்கம் குறையும். ஆகவே நைட்ரேட் 2, பாஸ்பேட் 0.4 உள்ள தொட்டியில் பாசி நைட்ரேட்டை வழித்துத் தின்றுவிட்டு, பாஸ்பேட்டை முன்னால் வைத்துக்கொண்டு பட்டினி கிடக்கும். வெளுத்து, மெலிந்து, துண்டு துண்டாக உதிரும். சோறு இருக்கிறது, குழம்பு இல்லை. இந்த நிலையில் நைட்ரேட்டை நாமே சேர்ப்பது முரணாகத் தோன்றும், ஆனால் அதுதான் வழி. ஆய்வகத் தர சோடியம் நைட்ரேட் 14 கிராமை ஆர்ஓ நீரில் கரைத்து ஒரு லிட்டராக்குங்கள். இந்தக் கரைசலில் 20 மி.லி. விட்டால் 200 லிட்டருக்கு 1 பிபிஎம் கூடும். தினம் ஒருமுறை அதற்குமேல் வேண்டாம்; நைட்ரேட் 5 வந்ததும் நிறுத்துங்கள். பழைய பாறைகள் உறிஞ்சி வைத்த பாஸ்பேட்டை மெல்ல மெல்லக் கக்கிக்கொண்டே இருக்கும் என்பதால் இரண்டு மூன்று மாதம் பொறுமை வேண்டும்.

மறுபக்கம், இரண்டும் பூஜ்யமாகிவிட்டால் பவளங்கள் வெளிறும். மணலிலும் பாறையிலும் குமிழி கோத்த பழுப்புச் சளிபோல டைனோஃபிளஜெல்லேட் என்ற நுண்ணுயிர் வரக்கூடும். ஒருமுறை வந்தால் விரட்டுவது பெரும்பாடு. பூஜ்யத்தை நெருங்கும்போது பாசியை முழுவதும் எடுத்துவிடாதீர்கள். விளக்கு நேரத்தை 12-இலிருந்து 8, பிறகு 6 மணி என்று குறையுங்கள். பாஸ்பேட் உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு மணிகளையும் பாசியையும் ஒருசேர முழுவீச்சில் ஓட்டுவதும் இதே இடத்தில்தான் கொண்டுவிடும்.

நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் இருந்தும் கீட்டோ மஞ்சளாக வெளிறினால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றுபவர்களுக்கு இது அரிது. வந்தால் பவளத் தொட்டிக்கென்றே விற்கும் இரும்புக் கரைசலை, டப்பாவில் சொன்னதில் பாதி அளவு விடுங்கள். உரக்கடையில் கிடைக்கும் நுண்ணூட்டக் கலவை ஆகவே ஆகாது. அதில் தாமிரமும் துத்தநாகமும் இருக்கும்.

வளரும் பாசி நீரில் மஞ்சள் சாயலுள்ள கரிமப் பொருட்களை விடும். வெள்ளைக் கோப்பையில் தொட்டி நீர் எடுத்துப் பார்த்தால் தெரியும். 200 லிட்டருக்கு 50 கிராம் ஆக்டிவேட்டட் கார்பனைப் பையில் போட்டு நீர் ஓடும் இடத்தில் வைத்து, மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.

தண்ணீர், வெயில், புயல்

வீட்டு ஆர்ஓ கருவியின் நீரை அப்படியே பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல கருவிகளில் சுவைக்காக டிடிஎஸ் (நீரில் கரைந்த உப்புகளின் அளவு) கட்டுப்படுத்தி என்ற திருகு இருக்கும். வடிகட்டிய நீரில் கொஞ்சம் வடிகட்டாத நீரைக் கலந்துவிடும். மினரல் கேட்ரிட்ஜும் இருக்கும். கடலோரத்து போர்வெல் நீரில் இது பெரிய வித்தியாசம். சவ்விலிருந்து நேராக வரும் நீரைத் தனியாகப் பிரித்து, மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் வழியாக விட்டு, டிடிஎஸ் மீட்டரில் 0 வந்தால் மட்டும் உப்பு கலக்கவும் ஆவியான நீரை ஈடுகட்டவும் பயன்படுத்துங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோரக் கடல்நீர் ஆற்றுநீரோடு கலந்து உப்புக் குறைந்து, கலங்கி, சத்தோடு வரும். அந்த மாதங்களில் கடல்நீர் எடுத்து வந்து ஊற்றுவது பாசிக்கு உரம் போடுவதுதான்.

கீட்டோவுக்கு 25 முதல் 27 டிகிரி பிடிக்கும். 30-ஐத் தாண்டி நின்றால் சோர்ந்துவிடும். கத்திரி வெயிலில் சம்ப் மீது சிறு மின்விசிறியைச் சாய்வாக வீசவிட்டால் 2 டிகிரிவரை இறங்கும். கடற்காற்றின் ஈரப்பதத்தால் உள்நாட்டு ஊர்களில் இறங்கும் அளவு இங்கே இறங்காது. ஆவியாவது கூடும் என்பதால் தினம் 2 முதல் 4 லிட்டர் நன்னீர் ஈடுகட்ட வேண்டியிருக்கும். மறந்தால் உப்பு ஏறிக் கீட்டோ முதலில் காட்டிக்கொடுக்கும். பவளங்கள் நிறைந்த தொட்டி என்றால் நீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்குவதே சரி.

2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கரையைக் கடந்தபின் கடலூர் மாவட்டத்தில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் புதுச்சேரி அருகேதான் கரையேறியது. இங்கே தொட்டி வைப்பவர் நீண்ட மின்வெட்டுக்குத் தயாராகவே இருக்க வேண்டும். இருட்டில் பாசி உதவாது, மீனோடு ஆக்சிஜனுக்குப் போட்டி போடும். புயல் அறிவிப்பு வந்ததுமே ஒரு அறுவடை செய்து பாசியைப் பாதியாக்குங்கள். இன்வெர்ட்டரில் 150 ஏஎச் பேட்டரி இருந்தால், மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு மேல்தொட்டியின் 15 வாட் வேவ்மேக்கரை மட்டும் நீர்ப்பரப்பு அலையும்படி ஓட்டுங்கள், ஒன்றரை நாள் தாக்குப்பிடிக்கும். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும். இரண்டாம் நாளும் மின்சாரம் வராவிட்டால் கீட்டோவை வாளி நீரோடு எடுத்து, நேர் வெயில் படாத ஜன்னல் ஓரம் வையுங்கள். தீவனம் போடாதீர்கள். மின்சாரம் வந்ததும் தேங்கிய சம்ப் நீரை முகர்ந்து பார்த்துவிட்டு பம்பைப் போடுங்கள். அழுகல் வாடை அடித்தால் பாசி அறை நீரை வெளியே எடுத்துவிட்டுப் புது உப்புநீர் நிரப்பிய பிறகே ஓட்ட வேண்டும்.

காலர்பா வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பழகிக்கொள்ளுங்கள்: நுனிகள் வெளிறி, கண்ணாடிபோல ஆகத் தொடங்கினால் அன்று இரவே அந்தக் கிளைகளை எடுத்துவிட வேண்டும். ஏற்கெனவே கலங்கிவிட்டதென்றால் மிச்சப் பாசியை எடுத்து, ஸ்கிம்மரை முழுவேகத்தில் விட்டு, ஏர் ஸ்டோன் போட்டு, புதுக் கார்பன் வைத்து, 25 சதவீதம் நீர் மாற்றுங்கள்.

அறுத்த பாசியை நண்பரின் தொட்டிக்குக் கொடுக்கலாம். மீதியை வாய்க்காலிலோ கடலிலோ போடாதீர்கள், கடலிலிருந்து வந்ததுதானே என்று தோன்றினாலும். மன்னார் வளைகுடாவில் வளர்ப்புக்கென்று கொண்டுவரப்பட்ட காப்பாஃபைகஸ் பாசி குருசடைத் தீவுப் பக்கம் உயிருள்ள பவளங்கள்மேல் போர்வையாகப் படர்ந்திருக்கிறது. மொட்டைமாடியில் பழைய சாக்கை விரித்து இரண்டு நாள் வெயிலில் சருகாகக் காயவிடுங்கள். பிறகு ஒரு இரவு நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பைக் கழித்துவிட்டுத் தென்னை மரத்தடியில் புதைக்கலாம். பூந்தொட்டிச் செடிகளுக்கு வேண்டாம், மிச்ச உப்பையே அவை தாங்காது.